மூன்றாவது அடாப்டர்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
26 மே 2025

நம்பி,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. இரண்டு பக்கம்தான். படித்துவிட்டுப் போடு.

போன வாரம் உனக்கு ஏழெட்டு முறை போன் அடித்தேன். அடித்த போதெல்லாம் கம்பெனிப் பதிவுக் குரலில் அந்தப் பெண் ‘பரிதிக்குப் புறத்தாணு’, எல்லைக்கு வெளியே, என்று சொல்லி வைத்துவிட்டாள். போனக்காட்டில் டவர் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் சாமான் வாங்க விதுராவுக்கு இறங்குவாய் அல்லவா? அங்கே நிறையவே கிடைக்கும். என் மிஸ்டு கால்களைப் பார்த்தும் நீ கூப்பிடவில்லை. அதனால் தபால் நிலையத்துக்குப் போய்க் கவர் வாங்கினேன். பசை எங்கே இருக்கிறது என்று கேட்டபோது கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள். நானும் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் கொடுத்திருக்கிறார்கள். அபிலாஷ் என்று ஒருவன், எங்கேயோ இருந்துகொண்டு ஸ்கிரீனில் மட்டும் வருவான். சர்வருக்குள் சாப்ட்வேராகவே ஓடுகிற வெர்ச்சுவல் மெஷின்களில் பயன்படாதவற்றை எல்லாம் ஜூன் முப்பதுக்குள் அழிக்கச் சொல்லிப் பட்டியல் அனுப்பினான். பட்டியலின் அடியில் ‘ஸ்பேர்-2’ என்று ஒன்று. உருவாக்கியது நீ. தேதி ஜனவரி 16. அணைந்து கிடக்கிறது. நம் மெஷின்களுக்கெல்லாம் நெட்வொர்க்கில் மாட்ட இரண்டு அடாப்டர்தான். இதற்கு மட்டும் மூன்று இருக்கிறது.

இது குரல்-1இன் நகலா? சொல்லு. ஜனவரி 18 காலையில் கரண்ட் போய் வந்தபோது குரல்-1 தன்னைத்தானே துடைத்துக்கொண்டது. ஐந்து வாரப் பதிவு போயிற்று, தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் வந்து பேசிவிட்டுப் போன பத்தொன்பது பேருடைய குரல். பதினாலு பேர் மறுபடி வந்து பேசிப் பதிந்துவிட்டுப் போனார்கள். மிச்சம் ஐந்து பேருக்குத் தொண்டையில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனிமேல் பதிய அவர்களிடம் குரல் கிடையாது. உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை, ஆனால் எழுத வருகிறபோது அதுதான் முதலில் வருகிறது.

ஸ்பேர்-2ஐ ஸ்டார்ட் செய்து பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதுவும் துடைத்துக்கொண்டால் என்ன செய்வேன்? என்ன செய்யலாம் என்று எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

உலகம்மை


போனக்காடு
31 மே 2025

உலகம்மை அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்பேர்-2 குரல்-1இன் நகல்தான், ஆனால் பாதி நகல். எடுத்துக்கொண்டிருந்தபோதே கரண்ட் போயிற்று. பாதி நகல் ஓடாது. அழித்துவிடுங்கள்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் கான்ட்ராக்ட் எடுத்தவர்களைக் கேட்கலாம். சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள். ஜனவரி 20ஆம் தேதியே என்னை ராஜினாமா எழுதச் சொல்லி, என் பாஸ்வேர்டையும் அன்றே முடக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து எனக்கு வந்த முதல் தபால் உங்களுடையது. அதுவும் ஒரு மெஷினுக்காக.

அம்மாவிடம் லீவில் வந்திருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறேன். “லீவு எப்பம் முடியும்?” என்று வாரத்துக்கு ஒரு முறை கேட்கிறாள். உங்கள் கவரைப் பார்த்துவிட்டு ஆபீசிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டாள். இனிமேல் கவர் போடும்போது அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அழகியநம்பி


ஸ்ரீவராகம்
5 ஜூன் 2025

நம்பி,

திட்டு. திட்டுகிறதுக்காவது எழுதினாயே, அது போதும்.

ஆனால் அது பாதி நகல் இல்லை. அளவு பார்த்தேன். ஜனவரியில் குரல்-1 எவ்வளவு இருந்ததோ, ஸ்பேர்-2 அவ்வளவும் இருக்கிறது. நகல் எடுத்த குறிப்பில் ‘முடிந்தது, 17 ஜனவரி, பகல் 1.20’ என்று கிடக்கிறது. நீ வேண்டுமென்றே மறைக்கிற ஆள் இல்லை. உனக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் பாறசாலையிலிருந்து ஒரு அம்மா வருகிறாள். சரசம்மா. வீட்டுக்காரர் தங்கையன் சர்ச்சில் கொயர் பாடினவர். ஐந்து பேரில் ஒருவர். ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் நம்மிடம் வந்து பேசிப் பதிந்தார். இப்போது ஒரு சின்ன ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறார். சரசம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். அவர் எழுதுவதற்குள் இவளுக்குக் கோபம் வந்துவிடுமாம். ரிசப்ஷனில் ‘மெஷின் ரிப்பேர்’ என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மக்களே, பாட்டொண்ணும் வேண்டாம். அவிய எனக்கப் பேரச் சொல்லி ஒருக்கா விளிச்சிருப்பாவல்லா, அது மட்டும் கிட்டினா மதி” என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான் புரிந்துவைத்திருப்பது சரியா என்று பார். நம் மெஷின் எதுவும் தானாக எழுந்திருக்காது. எழுந்ததும் நெட்வொர்க் வழியாக, ‘என்னை ஓட்ட யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும். பச்சை சர்வர் பதில் சொன்னால் வழக்கம்போல ஓடும். பச்சையிடமிருந்து பதில் வராவிட்டால், நெட்வொர்க் பூட் டிக் விழுந்திருக்கிற அடுத்த அடாப்டர் வழியாகக் கேட்கும். அங்கே நீல சர்வர் இருந்தால் தீர்ந்தது. கேட்டவனுக்கெல்லாம் டிஸ்கைத் துடைத்துப் புதிதாக எல்லாம் நிறுவித் தருவதுதான் அதன் வேலை. அன்றைக்குக் கரண்ட் வந்தபோது பச்சை சர்வர் எழுந்திருக்கத் தாமதம், குரல்-1 நீலத்திடம் போயிற்று. சரிதானே?

அப்படியென்றால் ஸ்பேர்-2க்கு எந்த டிக்கை வைக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும்? நீல சர்வரை அணைக்க முடியாது, இப்போது அது அபிலாஷ் கையில்.

இன்னொன்று. நாம் சாப்பிடுகிற மேஜையை எடுத்துவிட்டு அங்கே யு.பி.எஸ். வைத்துவிட்டார்கள். நான் என் நாற்காலியிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறேன். காலை ஒன்பதரையிலிருந்து ஐந்தரை வரை அந்த அறையில் ஏ.சி. சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. என் மகள் ஆர்ஷா படிப்பு முடித்து ஹைதராபாத்துக்குப் போய்விட்டாள், வீட்டுக்கு வந்தால் அங்கேயும் நான் ஒருத்திதான். ஒரு நாள் முழுக்க நான் வாயைத் திறந்து பேசிய ஒரே வார்த்தை பஸ் கண்டக்டரிடம் ‘கிழக்கேகோட்டை’. இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

உலகம்மை


போனக்காடு
11 ஜூன் 2025

உலகம்மை அக்காவுக்கு,

மழை பிடித்துவிட்டது. தபால்காரர் காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று படித்தேன்.

நகல் முழுமையாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அதை நீங்கள் நம்ப வேண்டும். கிரீஷ் சாரிடம் பேக்-அப்புக்கு டிஸ்க் கேட்டு மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் நானே நகல் எடுக்க ஆரம்பித்தேன். மூன்றாவது அடாப்டர் அதற்குப் போட்டதுதான். நீல நெட்வொர்க்கில் அப்போது கூட்டமே இல்லை, அதனால் அதில் மாட்டினேன். ஞாயிறு வரை ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சனிக்கிழமை கரண்ட் போனது என்று கேட்டதும் நகலும் செத்தது என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு முறை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்க விடவில்லை.

நீங்கள் புரிந்துவைத்திருப்பது சரி. செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

எந்த அடாப்டரையும் கழற்றாதீர்கள். பதிவுகளைப் பூட்டிவைக்கிற மென்பொருள் அடாப்டர்களின் எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் திறக்கும். ஓடுகிற மெஷினில் மாற்றினால் அது புது எண்ணைப் பதிந்துகொள்ளும், அணைந்து கிடப்பதில் ஒன்றைக் கழற்றினாலும் பூட்டு திறக்காது, டிஸ்கை வேறு மெஷினில் மாட்டிப் படிக்கவும் முடியாது. டிக்கை மட்டும் தொடுங்கள். முதல் அடாப்டர் பச்சையில் இருக்கிறது, அதற்கு நெட்வொர்க் பூட் இருக்கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் நீலத்தில் இருக்கின்றன, அந்த இரண்டுக்கும் எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு சேவ் கொடுங்கள். ஜன்னலை மூடிவிட்டு மறுபடி திறந்து, எடுத்தது எடுத்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு பச்சை சர்வர் முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட்.

ஒருவர் செய்ய வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும். அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிற தாளில் ‘செய்தவர்’, ‘பார்த்தவர்’ என்று இரண்டு கட்டம் அதற்குத்தான் போட்டோம். இந்த முறையாவது உண்மையாகவே இன்னொருவர் பார்க்கட்டும்.

தங்கையன் வந்த அன்று பதிவறையில் நான் இருந்தேன். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதாவது சொல்லுங்கள் என்றேன். கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு கீர்த்தனையின் முதல் வரியைப் பாடினார். அந்த அம்மாவிடம் பாட்டும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அழகியநம்பி


ஸ்ரீவராகம்
16 ஜூன் 2025

நம்பி,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாலாவது இது. இதைக் கிழிக்கப் போவதில்லை.

ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மூன்று மணிக்கே நீ பஸ்ஸுக்குப் போனாய். என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். குரல்-1இன் இரண்டாவது அடாப்டரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிற வேலை அன்றைக்கு உனக்கு. நீ போன பிறகு அதை நான் செய்தேன். புது அடாப்டர் போட்டால் நெட்வொர்க் பூட் டிக் தானாகவே விழுந்திருக்கும், மறக்காமல் எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீ. ஆர்ஷா அன்று ரயிலில் வந்துகொண்டிருந்தாள். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன் என்று போன் அடித்துக்கொண்டே இருந்தாள். மவுசை அந்த டிக்கின் மேல் வைத்தது ஞாபகம் இருக்கிறது. எடுத்தேனா, சேவ் கொடுத்தேனா, தெரியவில்லை. ஐந்து மாதமாக யோசித்தும் தெரியவில்லை. எடுத்திருந்தால் குரல்-1 நீலத்திடம் போயிருக்குமா? ஆகவே எடுக்கவில்லை.

தாளில் ‘பார்த்தவர்’ கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். ‘செய்தவர்’ கட்டத்தில் உன் பெயரைப் போட்டேன். நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எத்தனை முறை போட்டிருப்போம்! உன் கையெழுத்தை உன்னைவிட நான் அழகாகப் போடுவேன் என்று நீயே கேலி செய்வாய். அந்தப் பழக்கத்தில்தான் போட்டேன். அப்போது மனதில் வேறு எதுவும் இல்லை.

ஆனால் திங்கட்கிழமை அந்தத் தாளை கிரீஷ் சார் உன் முகத்துக்கு நேரே நீட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. அது பழக்கம் இல்லை. பயந்தேன். நாற்பத்தேழு வயதில் வெளியே போனால் யார் வேலை தருவார்கள் என்று பயந்தேன். வேறு காரணம் எதைச் சொன்னாலும் பொய். நீயும் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனாய். கையெழுத்து என்னுடையது என்று நீ கவனிக்கவில்லை என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். கவனித்துவிட்டாய் என்று சில நாள் தோன்றும். அன்றைக்கெல்லாம் டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

யார் எந்த நேரத்தில் கேட்டார்கள் என்று நீல சர்வரில் ஒரு பதிவு இருக்கும். அதை நான் இன்று வரை திறக்கவில்லை. திறந்தால் என் தப்பு எழுத்தில் இருக்கும். தெரிந்ததை எதற்கு மறுபடி படிக்க வேண்டும்?

ஸ்பேர்-2ஐ இன்னும் தொடவில்லை. பார்க்கிறதுக்கு இன்னொரு ஆள் இல்லை.

உலகம்மை


போனக்காடு
21 ஜூன் 2025

அக்கா,

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். மூன்று மணிக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவன் அந்தத் தாளில் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். உங்களுக்குப் பதிலாக நானும் அதே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. ஒருவர் போனால் போதும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. அதோடு, ஒரு வாரத்துக்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். உலகம்மை அக்காவால் அதை அடக்கி வைக்க முடியாது என்று எனக்கு நிச்சயம்.

பஸ் வருகிற நேரத்துக்கு வளைவில் போய் நிற்பேன். டவர் கொஞ்சம் எட்டுகிற இடம் அது ஒன்றுதான். போனில் ரீசார்ஜ் செய்யச் சொல்லும் மெசேஜ்தான் வரும். பஸ்ஸிலிருந்து பழக்கமான நாலு பேர் இறங்குவார்கள். பிப்ரவரி முழுக்க நின்றேன், மார்ச்சிலும் நின்றேன். அம்மா, “யாரக் காத்து நிக்கிற?” என்று கேட்டாள். ஏப்ரலில் போவதை விட்டுவிட்டேன். அக்கா, பதினொரு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். இந்த மலையில் எனக்கு யாரும் இல்லை என்பது ஒரு கஷ்டம் இல்லை, அது பழகிப்போகும். கீழேயும் யாரும் இல்லை என்று தெரிந்ததுதான் தாங்கவில்லை.

டிக்கை எடுக்க மறந்ததற்காக எனக்கு உங்கள் மேல் கோபமே கிடையாது. மறதி யாருக்கும் வரும். எனக்கு வந்திருந்தால் அன்றே, அந்த நிமிஷமே, ‘நான்தான்’ என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதுவும் என்னிடம்தான் சொல்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்ல வேண்டிய அறை எது என்று உங்களுக்குத் தெரியும்.

கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

நம்பி


ஸ்ரீவராகம்
28 ஜூன் 2025

நம்பி,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை கிரீஷ் சார் அறைக்குப் போனேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “உலகம்மா, அது கழிஞ்ஞு போயி. ஃபைல் மூடியாச்சு. அயாளும் போயாச்சு. இனி எந்தினா அதெல்லாம்?” என்றார். முடிந்துபோனதை இனி எதற்குக் கிளறுகிறாய் என்கிறார், கோபப்படக்கூட இல்லை. வாசலைக் கண்ணால் காட்டினார். ஐந்து மாதம் நான் தூங்காமல் கிடந்ததை, பழைய பேப்பரைத் தள்ளுகிற மாதிரி ஓரமாகத் தள்ளிவிட்டார். அப்படியே வந்து உட்கார்ந்திருந்தால் என் வேலை பத்திரமாக இருந்திருக்கும். அதைத்தான் அவர் எனக்குக் கொடுத்தார். ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளவும் பார்த்தேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் தாளில் எழுதினேன். ‘செய்தவர்’ கட்டத்தில் அழகியநம்பியின் கையெழுத்தைப் போட்டது நான், அன்று அவர் அங்கே இல்லை, டிக்கை எடுக்காமல் விட்டது நான் என்று எழுதினேன். ஸ்பேர்-2இல் ஐந்து பேர் குரல் இருக்கிறது, அதை அழிக்கக் கூடாது, அழகியநம்பியைத் தவிர யாரும் தொடக் கூடாது என்றும் எழுதினேன். ஆபீசில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். சீல் விழுந்த கடிதத்தை ஒதுக்க முடியாதல்லவா? நேற்று மூன்று மணிக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ரிசப்ஷன் பெண் நீது மட்டும் கேட் வரை கூடவே வந்தாள்.

பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வாங்கி எறிந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை, தேங்காய் மட்டும் உடைந்தது. வீட்டுக்கு வந்து அடுக்களையை எல்லாம் கழுவினேன். ஆர்ஷாவிடம் இன்னும் சொல்லவில்லை. எதிர்வீட்டு மாமி, “என்னடி, இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டே?” என்றாள். தலைவலி என்றேன்.

உன்னைக் கூப்பிடுவார்கள். வீம்பு பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லாதே. எனக்காக வர வேண்டாம். சரசம்மா வருகிற செவ்வாய்க்கும் வருவாள். நீ வந்து அந்த மெஷினை எழுப்பு. எழுப்பியதும் ஒரு வரி எழுது, எனக்கு அது போதும்.

உலகம்மை


திருவனந்தபுரம், ஆபீசிலிருந்து
9 ஜூலை 2025

அக்கா,

திங்கட்கிழமை வந்து சேர்ந்தேன். லீவு முடிந்தது என்று அம்மா என் சட்டையை எல்லாம் துவைத்துக் கொடுத்தாள். கிரீஷ் சார் கை கொடுத்தார். நீண்ட லீவு முடிந்து வருகிற ஆளை விசாரிக்கிற மாதிரி, “சுகந்தன்னே?” என்று கேட்டார். உங்கள் நாற்காலியில் உட்கார மனம் வராமல் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்பேர்-2 எழுந்துவிட்டது. முதல் அடாப்டரின் டிக்கை அப்படியே இருக்க விட்டேன். மற்ற இரண்டிலும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். நீதுவைக் கூப்பிட்டு ஸ்கிரீனில் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டி, மூன்று முறை பார்க்கச் சொன்னேன். அவளும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். ஸ்டார்ட் கொடுத்ததும் பச்சை சர்வர் உடனே பதில் சொன்னது. பூட்டு திறந்தது. பத்தொன்பது பேரும் இருக்கிறார்கள்.

நேற்று சரசம்மாவும் தங்கையனும் வந்தார்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றாள். தினமும் பேசுகிற வாக்கியங்களைச் சொல்லச் சொல்லிப் பதிந்தோம் அல்லவா? அவர் முதலில் சொல்லியிருந்தது, “சரசூ, சாயா கொண்டா.” அந்த அம்மா சிரித்துவிட்டாள். “நாப்பது வருசமா இதக் கேட்டு எனக்கு எரிச்சலாட்டு வரும். இன்னொருக்கா போடுங்க மக்களே” என்றாள். ஏழு முறை போட்டேன். தங்கையன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நீங்கள் இருந்திருக்க வேண்டும். இதைக் கொண்டுவந்தது நீங்கள், அதைப் பார்க்க நீங்கள் இல்லை.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க ஆதாரம் வேண்டும் என்று கிரீஷ் சார் என்னிடம் அறிக்கை கேட்டார். நீல சர்வரின் பதிவை எடுத்து அதோடு வைக்கச் சொன்னார். இன்று காலை பத்தரைக்கு அதைத் திறந்தேன்.

ஜனவரி 18, காலை 9.42. குரல்-1 நீலத்திடம் கேட்டிருக்கிறது. எந்த அடாப்டர் கேட்டதோ அதன் எண்ணும் பக்கத்தில் இருக்கும். அந்த எண் இரண்டாவது அடாப்டருடையது இல்லை. அன்றைக்கு முழுவதும், முந்தின நாளும், மேலும் கீழும் தேடினேன். நீங்கள் போட்ட இரண்டாவது அடாப்டர் நீலத்திடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அக்கா, நீங்கள் டிக்கை எடுத்திருக்கிறீர்கள். சேவும் கொடுத்திருக்கிறீர்கள்.

கேட்டது மூன்றாவது. நகல் எடுக்க வியாழக்கிழமை ஸ்பேர்-2க்கு ஒன்று போட்டபோது, குரல்-1க்கும் ஒன்று போட்டேன். இரண்டையும் நீலத்தில் மாட்டினேன். புதிதாகப் போட்டதில் டிக் தானாக விழுந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவன், போட்டுவிட்டு எடுக்கவில்லை. திங்கள் வந்து கழற்றிக்கொள்ளலாம் என்று பஸ்ஸுக்கு ஓடினேன். குரல்-1இன் அடாப்டர் பட்டியலின் அடியில் இருந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், இருக்கிறது என்று நான் சொல்லவும் இல்லை. துடைபட்ட குரல்-1ஐ நீக்கிப் புதிதாக உருவாக்கியபோது அதுவும் கூடவே போயிருக்கிறது. இன்று ஐந்து பேர் குரலைத் திருப்பிக் கொடுத்த நகலுக்காகப் போட்ட அடாப்டர்தான், அன்று பத்தொன்பது பேர் குரலையும் துடைத்தது. நீங்கள் என்னவோ மறந்துவிட்டீர்கள் என்றே நினைத்துக்கொண்டு மலையில் கிடந்ததில், என் மூன்றாவது அடாப்டர் ஒரு நாள்கூட என் ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்போது மணி நாலு. ஐந்தரை மணி நேரமாக இந்த அறையில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். இதைப் படித்துப் புரிந்துகொள்ள இந்தக் கட்டிடத்தில் வேறு யாரும் இல்லை. அபிலாஷ் கேட்கப்போவதும் இல்லை. அந்த ஒரு வரியை அழித்தால் தீர்ந்தது, என் வேலையும் இருக்கும், அம்மாவிடம் சொன்ன பொய்யும் உண்மையாகிவிடும். இரண்டு முறை அந்த வரியின் மேல் மவுசைக் கொண்டு வைத்தேன். எனக்கு வந்திருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் அந்தத் திங்கட்கிழமை எப்படி நின்றீர்கள் என்று இன்று எனக்குப் புரிந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா.

கிரீஷ் சார் ஐந்து மணி வரை இருப்பார். அவர் அறைக்கு இன்னும் போகவில்லை. முதலில் கீழே இறங்கி, ரோட்டோரத் தபால்பெட்டியில் இதைப் போடப்போகிறேன். போட்டுவிட்டால் நாளைக்கோ மறுநாளோ உங்கள் கைக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. போட்டுவிட்டு மேலே வந்து அவர் அறைக்குப் போகிறேன்.

நம்பி